செடி வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்: தோட்ட வடிவமைப்பாளரோடு வேலை செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டைச் சுற்றித் தளக்கல் பதித்து முடித்த அன்று அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனோம். ரசமட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாத சமதளம். கோளாறே அதுதான். முதல் பெரிய மழைக்குத் தண்ணீர் எங்கும் போகாமல் பின்வாசல் படியை ஒட்டி நின்றது. விடிய விடியத் துணி போட்டுத் துடைத்தோம். அதற்கப்புறம்தான் ஒரு லேண்ட்ஸ்கேப் டிசைனரைக் கூப்பிடத் தோன்றியது.

வந்தவர் செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். தளத்தின் நடுவில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் சற்று நேரம் வட்டமாகத் தேங்கியது, ஒரு பக்கம் நீண்டது, நின்றது, கடைசியில் கல் இடுக்கு வழியே வாசற்படியை நோக்கி நகர்ந்தது. "எங்க போகணும்னு இதுக்கு யாரும் சொல்லலைங்க" என்றார்.

தோட்ட வடிவமைப்பாளர் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அந்த வாளியைத்தான். அழகான செடியை நாமே தேர்ந்தெடுத்துவிடலாம். தண்ணீர் எங்கே போகும், மரம் பத்து வருடத்தில் எவ்வளவு பெரிதாகும், எந்த வேலை எதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்ற மூன்றையும்தான் நாம் யோசிப்பதில்லை. காகிதத்தில் செய்த தப்பை அழிக்க ரப்பர் போதும், தரையில் செய்ததை அழிக்கக் கடப்பாரை வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது, யாருக்குத் தேவையே இல்லை

இந்தத் துறையில் ஆட்கள் பல வகை. நிலவடிவமைப்பில் பட்டம் பெற்ற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஒரு வகை; பல நாடுகளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே உரிமம் வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கம், வடிகால், தாங்குசுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு அவர் சரி. வீட்டுத் தோட்டங்களையே தொழிலாகச் செய்யும் தோட்ட வடிவமைப்பாளர் அடுத்த வகை. வரைபடத்தைத் தரையில் இறக்குபவர் ஒப்பந்ததாரர். சில இடங்களில் இவர்கள் எல்லாம் ஒரே ஆளாக இருப்பார்கள். அதில் வசதி உண்டு, ஆபத்தும் உண்டு: வரைந்தவரே கட்டினால் தப்பைச் சுட்டிக்காட்ட இரண்டாவது ஆள் இல்லை.

ஒரு மீட்டருக்கு மேல் மண்ணைத் தாங்கும் சுவர் வருகிறது என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஈரமண் தள்ளும் தள்ளு சாதாரணமானது இல்லை.

மாடியில் இருபது தொட்டி, வாசலில் இரண்டு பாத்தி, நிலம் மட்டமாக இருக்கிறது, தண்ணீர் தேங்குவதில்லை. இவ்வளவுதான் உங்கள் நிலைமை என்றால் டிசைனர் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மண் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, ஒரு முறை மட்டும் வந்து பார்த்து யோசனை சொல்லிவிட்டுப் போகும் டிசைனர்களும் இருக்கிறார்கள். பலருக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரமே போதும்.

கூப்பிடுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். டிசைனரின் நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். உங்களால் இலவசமாகத் தெரிந்துகொள்ள முடிந்ததை அவர் கண்டுபிடிக்கக் காசு கொடுப்பானேன்?

முதலில் வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு மணிக்கு ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். வீட்டுக்குள் இருந்து ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் எடுங்கள். தோட்டத்தை நாம் அதிகம் பார்ப்பது வெளியே நின்று இல்லை, ஜன்னல் வழியாகத்தான். எங்கள் டிசைனர் அடுக்களை ஜன்னலருகே பத்து நிமிடம் சும்மா நின்றார். பாத்திரம் துலக்கும்போது கண் எங்கே போகிறது என்று பார்த்தாராம்.

அடுத்து மழை. அடுத்த மழையில் குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். எங்கே கொட்டுகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது? கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். இவ்வளவும் கூரைக் குழாய் வழியாக ஓரிரண்டு இடத்தில்தான் கொட்டுகிறது. அது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்காத தோட்டத் திட்டம் பாதித் திட்டம்கூட இல்லை.

அப்புறம் மண். கண்ணாடி ஜாடி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களிமண் படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுக்குகளின் கனத்தைப் பார்த்தாலே உங்கள் மண்ணின் குணம் தெரிந்துவிடும். வடிகால் தெரிய, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் வடிகால் மோசம். அதைச் சரிசெய்யாமல் அங்கே நட்டால் பல செடிகளுக்கு வேர் அழுகும்.

புதிதாகக் கட்டிய வீடென்றால் இன்னொன்றும் உண்டு. அஸ்திவாரம் தோண்டிய அடிமண்தான் பெரும்பாலும் மேலே பரப்பப்பட்டிருக்கும். அதில் சிமென்ட், செங்கல் துண்டு எல்லாம் கலந்திருக்கும், லாரி ஏறி இறங்கி இறுகியும் கிடக்கும். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் செடி பட்டுப்போனால் "என் கை ராசி இல்லை" என்று நொந்துகொள்ளாதீர்கள்.

கடைசியாக, கட்டம் போட்ட தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்து ஒரு கைவரைபடம். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டின் சுவர்கள், கதவு, ஜன்னல், இருக்கும் மரங்கள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின் கம்பி போகும் வழி, வடக்குத் திசை ஆகியவை அதில் இருக்க வேண்டும். வீடு கட்டியபோது வரைந்த பிளான் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

நேற்று முடித்த தோட்டத்தின் படத்தை எல்லோரும் காட்டுவார்கள். நர்சரியிலிருந்து இறக்கிய அன்று எந்தத் தோட்டமும் அழகுதான். மூன்று நான்கு வருடம் ஆன ஒரு தோட்டத்தை நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போனால் செடியைவிடத் தரையை உற்றுப் பாருங்கள்: தளம் அமுங்கியிருக்கிறதா, படி ஆடுகிறதா, செடிகள் பாதையை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? அந்த வீட்டுக்காரரிடம், "எது பட்டுப்போச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றுமே பட்டுப்போகவில்லை என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

கட்டணம் பல விதம்: மொத்தமாக ஒரு தொகை, மணிக்கணக்கு, அல்லது வேலையின் மொத்தச் செலவில் ஒரு சதவீதம். மூன்றாவது முறையில் செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும் என்பதை மனதில் வையுங்கள். பலர் அந்த முறையில் நேர்மையாகவே வேலை செய்கிறார்கள், அது வேறு விஷயம். நர்சரியிடமிருந்தோ கல் விற்பவரிடமிருந்தோ கமிஷன் வருமா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை: என்னென்ன வரைபடங்கள் தருவார், எத்தனை முறை திருத்தித் தருவார், வேலை நடக்கும்போது எத்தனை முறை நேரில் வருவார், பணம் எந்தெந்தக் கட்டத்தில். "எப்ப கூப்பிட்டாலும் வரேன்" என்பதை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீர்கள். எத்தனை முறை என்று எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சு

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். அந்த வரிசையில் டிசைனரையும் சேர்த்துக்கொள்ளலாம். பட்ஜெட்டைச் சொன்னால் அவ்வளவையும் செலவு செய்ய வைத்துவிடுவார் என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. பலன், கைக்கு எட்டாத ஒரு திட்டம் தயாராகி, அதை வெட்டி வெட்டிக் கடைசியில் எலும்புக்கூடு மிஞ்சும். உண்மையான தொகையைச் சொல்லிவிட்டு, எதை இப்போது செய்யலாம், எதை இரண்டு வருடம் கழித்துச் செய்யலாம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள். நல்ல டிசைனருக்கு அது பழகிய வேலை.

செடிப் பெயர்ப் பட்டியலோடு போகாதீர்கள். வாழ்க்கையைச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ வேண்டியவர் வீட்டில் இருக்கிறாரா, குழந்தைகள் ஓட இடம் வேண்டுமா, நாய் உண்டா, துணி எங்கே காயும், குப்பைத் தொட்டி எங்கே? முக்கியமாக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தோட்டத்தில் உண்மையாகவே வேலை செய்வீர்கள்? நான் ஐந்து மணி நேரம் என்று பெருமையாகச் சொன்னேன். என் மனைவி பக்கத்தில் இருந்ததால் அது ஒரு மணி நேரமாகத் திருத்தப்பட்டது. திட்டத்திலிருந்து புல்தரை பாதியாகக் குறைந்ததும் அங்கேதான். அந்தத் திருத்தத்துக்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லான்சலாட் பிரவுன் என்று ஒரு தோட்ட வடிவமைப்பாளர் இருந்தார் (1716–1783). எந்த நிலத்தைப் பார்த்தாலும் 'இதில் இன்னும் மேம்படுத்த வாய்ப்பு இருக்கிறது' என்று பொருள்பட 'கேப்பபிலிட்டி' என்பாராம். பட்டப்பெயரே 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்று ஆகிவிட்டது. உங்களைப் பார்க்க வருபவர் முதலில் நிலத்தைப் பற்றிப் பேசுகிறாரா, கேட்டலாக்கைப் பிரிக்கிறாரா என்று கவனியுங்கள்.

வரைபடத்தைப் படிப்பது

முதலில் வருவது கருத்து வரைபடம்: எங்கே உட்காருவது, எங்கே நடப்பது, எங்கே மரம். மனம் மாறுவதென்றால் இந்தக் கட்டத்திலேயே மாறுங்கள். அதற்கப்புறம் விரிவான வரைபடங்களும் பொருட்களின் அளவுப்பட்டியலும் வரும். அந்த அளவுப்பட்டியல் கையில் இருந்தால்தான் மூன்று ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்து ஒரே வேலைக்கு மூன்று விலை வாங்க முடியும். அது இல்லாமல் வாங்கும் எஸ்டிமேட் மூன்றும் மூன்று வெவ்வேறு தோட்டத்துக்கானவை.

வண்ணம் தீட்டிய முப்பரிமாணப் படத்தில் மயங்காதீர்கள். நான் மயங்கினேன். அதில் ஒரு கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியது எண்களை.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. எங்கள் முழுக் கதையும் இந்த ஒரு வார்த்தைதான். கல் தளத்துக்கு வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்தது நூற்றுக்கு இரண்டு, அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 2 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். வெறும் மண் என்றால் வீட்டை ஒட்டிய முதல் மூன்று மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம் நல்லது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். வரைபடத்தில் பல புள்ளிகளில் உயர எண்கள் எழுதியிருக்க வேண்டும். அம்புக்குறி மட்டும் போட்டிருந்தால் எண்களைக் கேட்டு வாங்குங்கள். தளத்தின் மேல்மட்டம், சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதையின் அகலம். ஒருவர் நடக்க 90 சென்டிமீட்டர், இருவர் பேசிக்கொண்டே நடக்க 120. படிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் மனிதர் வைக்கும் அடியை வைத்துச் சொன்னது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஓர் அடி வைக்கும் தூரம் வர வேண்டும். இன்று அதை 60 முதல் 65 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தில் 15 உயரம், 35 அகலம் என்றால் சுகமாக ஏறலாம். வீட்டுக்குள் இருக்கும் படி அளவை அப்படியே வெளியே போட்டால் கால் தடுமாறும், மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

தாளில் பார்த்துப் புரியவில்லையா? தரையில் போட்டுப் பாருங்கள். கயிறோ தண்ணீர்க் குழாயோ எடுத்துப் பாதையின் ஓரத்தை அந்தந்த அளவில் விரியுங்கள், உட்காரும் இடத்தைச் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழியுங்கள், உள்ளிருந்து நாலு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்காருங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருங்கள். எங்கள் திட்டத்தில் எழுந்த வேகத்தில் நான் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பூப்பாத்திக்குள் நின்றேன். அரை மீட்டர் கூட்டச் சொன்னோம். காகிதத்தில் அதற்குச் செலவே இல்லை.

மரமும் செடியும்

வரைபடத்தில் மரத்தை ஒரு வட்டமாகக் காட்டுவார்கள். "இந்த வட்டம் நடும்போது உள்ள அளவா, முழுசா வளர்ந்த பிறகு உள்ள அளவா?" என்று கேளுங்கள். வளர்ந்த அளவாக இருக்க வேண்டும். வேர் என்றால் ஆணிவேர் நேராகப் பூமிக்குள் போவதாகத்தான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களுக்கு வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணிலேயே, கிளை விரியும் அளவைத் தாண்டிப் படர்ந்திருக்கும். கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் தேடி அலையும் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாலை வெயில் சாய்ந்து வருவதால் மேற்குச் சுவருக்கு மேலே சின்னக் கூரை நீட்டினாலும் அது தடுக்காது. அந்தப் பக்கம் ஒரு மரம் சரியான தூரத்தில் நின்றால் வீட்டின் சூடே மாறும். எங்கே எந்த மரம் என்று சொல்லத்தான் உள்ளூர் மண்ணும் வெயிலும் தெரிந்த ஆள் வேண்டும்.

தண்ணீர் அதிகம் கேட்பவை ஒரு பக்கம், கேட்காதவை இன்னொரு பக்கம் என்று திட்டத்தில் பிரித்திருக்கிறார்களா பாருங்கள். இரண்டையும் கலந்து நட்டால் ஒன்று காயும், ஒன்று அழுகும். சொட்டுநீர்க் குழாயில் எந்த வால்வு எந்தப் பகுதிக்கு என்பதும் அந்தப் பிரிவின்படியே இருக்க வேண்டும்.

முதல் வருடம் தோட்டம் மொட்டையாகத் தெரியும். பக்கத்து வீட்டார், "இவ்வளவு செலவு பண்ணி இதுதானா?" என்பார்கள். பொறுங்கள். நான் பொறுக்காமல் இடைவெளியில் மூன்று புதர்ச்செடிகளைச் செருகினேன். மூன்றாவது வருடம் ஒன்றோடொன்று நெருக்கி, உள்ளே காற்றுப் போகாமல் பூச்சி விழுந்து, அவற்றைப் பிடுங்க ஆள் வைத்தேன். டிசைனர் விட்டிருந்த இடைவெளிகளுக்குக் காரணம் இருந்தது.

வேலை நடக்கும் வரிசை

முதலில் இடிப்பு, அப்புறம் மண் மட்டம், வடிகால், பூமிக்கடியில் போகும் குழாய்கள், தளம் படி சுவர், மண்ணைப் பண்படுத்துவது, சொட்டுநீர், மரம், செடி, கடைசியில் புல். இந்த வரிசையை மாற்றினால் ஒரு வேலையை இரண்டு முறை செய்வீர்கள். நாங்கள் செய்தோம்.

இரண்டு சின்ன விஷயங்கள். பாதைக்குக் கல் பதிக்கும் முன், அதற்கு அடியில் குறுக்காக ஓரிரண்டு காலிக் குழாய்களைப் புதைத்து, இரண்டு முனையையும் மூடி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு விளக்குக் கம்பியோ தண்ணீர்க் குழாயோ இழுக்க வேண்டி வந்தால் பாதையை உடைக்க வேண்டாம். அடுத்தது, குழிகளை மூடும் முன் எல்லாக் குழாய்களையும் அளவு நாடா விரித்து வைத்துப் படம் எடுங்கள். வேலைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை, ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

மரம் நடும் குழி, வேரோடு வரும் மண்கட்டியைவிட ஆழமாக இருக்கக் கூடாது, அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்த மரம் உடனே சாகாது, சில வருடம் கழித்து வாடும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. மண்ணை மூடப் பரப்பும் இலை, வைக்கோல் போன்ற மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம், தண்டை ஒட்டாமல்.

வேலை முடிந்த பிறகு

கடைசித் தவணையை வேலை முடிந்த அன்றே கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை முதல் மழை வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பட்டுப்போன செடிகளை எத்தனை மாதம் வரை மாற்றித் தருவார்கள் என்பதையும் அங்கேயே. புதிதாக நட்ட மரத்துக்கு முதல் வருடம் முழுக்க உங்கள் கவனம் வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாகத் தண்ணீர் விடுவது வேரைக் கீழே இறக்கும்.

ஒரு வருடம் கழித்து ஒரு முறை வந்து பார்க்கும்படி டிசைனரிடம் பேசி வையுங்கள். எங்களவர் சொன்னபடி வந்தார். இந்த முறை வாளியை நானே நிரப்பி வைத்திருந்தேன். தளத்தின் நடுவில் ஊற்றினோம். தண்ணீர் வாசற்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூப்பாத்திப் பக்கம் போனது. ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு தேங்கியது. அதன் கீழே மண் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்றார். அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்து, அடியில் மணல் சேர்த்து, திரும்ப வைத்தார்கள்.